எதிரில் நிற்பவரின் வலது கை

ஜூன் 9

அன்புள்ள சுண்டு,

உனக்கு ஐந்து வயதிருக்கும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அக்கா, நான் திரும்பி நின்னா என் வலது கையும் திரும்பிக்குமா?" நான் அப்போது ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். மறுநாள் மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். "தொணதொணக்காம போய் விளையாடு" என்று விரட்டிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியே காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகு, பதில் சொல்லாமல் விட்டவைதான் ஞாபகத்துக்கு வருகின்றன.

இது நேற்றுக் கண்ணாடி முன் நின்றபோது நினைவுக்கு வந்தது. ரவிக்கையில் கையை நுழைக்க முடியவில்லை. இரண்டு மாதமாக என் இடது தோள் இறுகிக் கிடக்கிறது. கடிகாரம் கட்டும் அந்தக் கை கதவின் மேல் தாழ்ப்பாளுக்குக்கூட எட்டவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணும் முறியல, தோள் உறைஞ்சு போயிருக்கு. பிசியோதெரபிக்குப் போங்க டீச்சர்" என்றார். முன்பின் தெரியாதவரிடம் கையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டிலேயே ஒருத்தி அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா?

நீ செய்முறைத் தேர்வில் தவறிவிட்டதாக உன் மகன் சொன்னான். அவனைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். என்ன நடந்தது?

போனில் பேசலாம். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

மூன்று வருடத்துக்கு முன் மாமா வீட்டில் நான் சொன்னதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாயா? சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னேன்.

அக்கா


ஜூன் 16

அக்கா,

சிரிப்புக்கா? அன்று மாமா வீட்டுக் கூடத்தில் பதினெட்டு பேர் இருந்தார்கள். பதினாறு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளாகப் படுக்கை மாற்றியவளுக்கு நாற்பத்தொரு வயதில் பிசியோதெரபி பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ சொன்னாய்: "வலது இடது தெரியாதவளுக்கு எலும்பு படிப்பாம்!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இனி தேர்வு. நீ கேட்டாய், சொல்கிறேன். எங்கள் துறையில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கும் கோணமானியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அதனால் பையன்கள் அவருக்குக் கோணமானி சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். (எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் வருடம் முதல் நாளே 'சீனியர்'!) அவர்தான் தேர்வாளர். கட்டிலில் நோயாளியாக ஒரு வாட்ச்மேன். சீட்டில் "வலது முழங்கால் விறைப்பு" என்று எழுதியிருந்தது. நான் வணக்கம் சொன்னேன், பெயர் கேட்டேன், வலி கேட்டேன், போர்வையை ஒழுங்காக மடித்தேன். பிறகு அழகாக இடது முழங்காலை மடக்கி, நீட்டி, அளந்து, "நூற்று நாற்பது டிகிரி சார், விறைப்பே இல்லை" என்றேன்.

சார் தாளில் ஒரு கோடு கிழித்தார். வாட்ச்மேன்தான் பேசினார். "நானே சொல்லலாமான்னு பாத்தேம்மா. பரீட்சையாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்."

ஆகஸ்ட் இருபதாம் தேதி மறுதேர்வு. ஒரே வாய்ப்பு. அதிலும் தவறினால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். என் மகன் சொல்கிறான், "பரவால்லம்மா, நம்ம வீட்ல ஃபெயிலாகற ஆள் நானா இருக்கும்னு நெனச்சேன்." அவன் கல்லூரியில் முதல் வருடம்.

உன் கைக்கு வருகிறேன். தினமும் காலையும் மாலையும் செய். முதலில் பத்து நிமிடம் சூடான துணி ஒத்தடம். அடுத்து, இடது கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு குனி. வலது கையைத் தொங்கவிட்டுக் கடிகாரப் பெண்டுலம் போல மெதுவாக ஆட்டு. பிறகு சுவரைப் பார்த்து நில். வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, பூச்சி ஏறுவது போல ஒவ்வொன்றாக மேலே ஏற்று. எட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடு. தரையிலிருந்து அளந்து எனக்கு எழுது. இப்படிச் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அவசரப்படாதே.

சுண்டு


ஜூலை 1

அன்புள்ள சுண்டு,

உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் செய்கிறேன். பாடக்குறிப்பு எழுதிய பழக்கம், தேதி போட்டுக் கோடும் போடுகிறேன். முதல் நாள் ஆறடி. இரண்டாம் நாள் ஆறடி அரை அங்குலம். நேற்று ஆறடி ஓர் அங்குலம்! உன் கணக்கில் இரண்டு மாதம் என்றாய். உன் மாணவி கெட்டிக்காரி.

வலி மட்டும் குறையவில்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. அந்தப் பக்கம் புரண்டு படுக்க முடியவில்லை. அந்தக் கையால் தலை வாரினால் சீப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

உன் முறையில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் ஒருமுறை உன் படிப்பைப் பற்றி வாய் திறந்து பட்டது போதும். வகுத்தல் கணக்கில் பையன்கள் பாதியில் குறுக்கே பேசினால், "முடிக்கிற வரைக்கும் பொறு, விடை வந்து சேரும்" என்பேன். இப்போது நான் பொறுத்திருக்கிறேன்.

மாமா வீட்டு விஷயத்துக்குப் பதில் எழுத நான்கு தாள் கிழித்தேன். வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் கடிதம் வந்ததும் தலைகால் புரியாமல் கோணமானி சாரிடம் ஓடினேன். தேர்வில் தவறியவளுக்கு வேறு என்ன பெருமை இருக்கிறது? "சார், எங்க அக்கா, தோள் உறைஞ்சு போச்சு, நான் கடிதத்துலயே சொல்லிக் குடுத்தேன், பதினஞ்சே நாள்ல ஆறடிக்கு மேல!"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உறைஞ்ச தோள்ல ஆறடியா? உங்க அக்கா மனுஷியா, ஒட்டடைக் குச்சியா?"

பையன்கள் சிரித்தார்கள். நான் கடிதத்தைக் காட்டினேன். படித்தார். உறைந்த தோள் முதல் நாளே அந்த உயரத்துக்குப் போகாது என்றார். ஏறினால் சீப்பு நிற்காது, சீப்பு நின்றால் கோடு ஏறாது, இரண்டும் ஒரே தோளில் இருக்க முடியாது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எந்தக் கைன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கம்மா" என்றார்.

"வலிக்கிற கைதான் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வகுப்பில் உட்கார்ந்தேன். எலும்புக்கூட்டின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்கவே வாய் கூசுகிறது. எந்தக் கை அக்கா?

சுண்டு


ஜூலை 12

அன்புள்ள சுண்டு,

நீ எழுதிய கைதான். வலது கை.

வலிப்பது இடது. நான் என் முதல் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தேன். நீ வலது என்று எழுதி அனுப்பினாய். ஒருமுறை இருந்தால் கை தவறி எழுதிவிட்டாய் என்று நினைத்திருப்பேன். இரண்டு முறை எழுதியிருக்கிறாய், இடது கையால் மேசையைப் பிடி என்றும் எழுதியிருக்கிறாய். ஆகவே காரணம் இருக்கும் என்று நினைத்தேன். வகுப்பில் ஒரு பெஞ்சு ஓயாமல் சத்தம் போட்டால் நான் பக்கத்துப் பெஞ்சுக்குக் கதை சொல்ல ஆரம்பிப்பேன். சத்தம் போட்ட பெஞ்சு தானாக அடங்கிவிடும். நல்ல கையைப் பழக்கினால் கெட்ட கை பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று உங்கள் புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நான் கேட்காமல் விட்ட சந்தேகம் இதுதான். "புரியலன்னா கையத் தூக்கிக் கேளுங்க" என்று ஆயிரம் பிள்ளைகளிடம் சொன்னவள், தனக்குப் புரியாதபோது கேட்கவில்லை. தூக்க முடிந்த கை ஒன்று இருந்தும் கேட்கவில்லை.

உன் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குற்றம் சாட்ட அல்ல. நீயே பார்த்துக்கொள்வது நல்லது.

அக்கா


ஜூலை 17

அக்கா,

பார்த்தேன். என் கையெழுத்துதான். எழுதும்போது நீ என் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன், அது நினைவிருக்கிறது. அதற்கு மேல் தெரியவில்லை.

மறுதேர்வுக்குப் போகப்போவதில்லை. தேர்வில் தப்பு செய்தால் மதிப்பெண் போகும். வார்டில் செய்தால்? நேற்று அறுவை முடிந்து வந்த ஒரு அம்மாவின் கட்டிலருகில் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "நல்லா நடக்க வெச்சிருவியாம்மா?" என்றார். போர்வையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

வார்டில் பழைய வேலை காலியாக இருக்கிறதாம். படுக்கை மாற்ற வலது இடது தேவையில்லை.

மாமா வீட்டில் நீ சொன்னது சரிதான். சரியானதைச் சொன்னதற்காக மூன்று வருடம் உன்னோடு முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அங்கே யாராவது ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய்க் கையைக் காட்டு.

சுண்டு


ஜூலை 29

அன்புள்ள சுண்டு,

இதை நிதானமாகப் படி. முடிகிற வரை எந்த முடிவும் எடுக்காதே.

"நீ என் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுதினேன்" என்று எழுதியிருந்தாய் அல்லவா? அந்த ஒரு வரி பத்து நாளாக என்னை உட்கார விடவில்லை. பரணில் இருந்த பயிற்சிக் காலத்து நோட்டுகளை வேலைக்காரம்மாவை விட்டு இறக்கச் சொன்னேன். முதல் வகுப்பு, பாடம் நான்கு, 'பக்கங்கள்'. என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "ஆசிரியர் மாணவரைப் பார்த்து நின்று, தன் இடது கையை உயர்த்தி 'வலது கை' எனச் சொல்ல வேண்டும்."

இது எல்லாச் சிறு வகுப்பு ஆசிரியர்களும் செய்வதுதான். சின்னப் பிள்ளைகள் நம்மைக் கண்ணாடியில் தெரியும் உருவம் போலப் பார்த்துச் செய்வார்கள். நாம் இடது கையைத் தூக்கினால் எதிரே நிற்கும் அவர்களுக்கு வலது கை மேலே போகும். வகுப்பு முழுக்கச் சரியாகத் தூக்கும். எதிரே நிற்கும் வரை அதில் பிசகே கிடையாது.

அந்தப் பாடத்தை நான் வீட்டில்தான் ஒத்திகை பார்த்தேன். சுவர்தான் வகுப்பு. மூன்று வாரம் தினமும் சுவரைப் பார்த்து நின்று, இடது கையைத் தூக்கி "வலது கை!" என்று கத்துவேன். நீ எங்கே நின்றாய் தெரியுமா? எனக்கு எதிரே சுவர். உனக்கு அங்கே இடமில்லை. என் பக்கத்தில், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் எந்தக் கையைத் தூக்கினேனோ அதே கையை நீயும் தூக்கினாய். நான் சொன்னதையே நீயும் கத்தினாய். இடது கையைத் தூக்கி, "வலது கை!"

உலகத்திலேயே ஒரே ஒரு குழந்தைக்கு நான் வலதையும் இடதையும் தலைகீழாகக் கற்றுக்கொடுத்தேன். அது நீ.

பிறகு பள்ளியில் உன் கையைத் திருத்திவிட்டார்கள். பேனா பிடிப்பது வலது என்று உனக்கு நன்றாகத் தெரியும். உன் கை உனக்குச் சரிதான். எதிரே ஒருவர் நின்றால்தான் உனக்குள் இரண்டு கணக்கு வந்து மோதுகிறது. அன்று நீ கேட்டாயே, திரும்பி நின்றால் வலது கையும் திரும்பிக்கொள்ளுமா என்று? அது ஒத்திகை நடந்த அதே மூன்று வாரத்தில் கேட்டது. உனக்கு அப்போதே ஏதோ இடித்திருக்கிறது. நான் விரட்டிவிட்டேன்.

பிறகு உன் நாற்பத்தொரு வயதில், பதினெட்டு பேர் நடுவில், நான் செய்த தப்புக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தேன்.

கையில் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டிக்கொண்டு போய்ப் பார். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை சந்தேகம் வந்தது: என்னைத் தேர்வுக்கு அனுப்புவதற்காக இதைக் கதை கட்டினாயா? நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பு என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். உன் நோட்டு, நீ கிழிக்க மாட்டாய்.

சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? ஐந்து வயதில் பாவாடையைப் பிடித்து நின்றதற்கு நாற்பத்து நான்கு வயதில் கணக்குத் தீர்க்க முடியுமா? காரணம் தெரிந்துவிட்டால் கை திருந்திவிடும் என்று நினைக்கிறாய். என் மகனை நாற்காலியில் உட்கார வைத்துப் பழகினேன். "இடது முழங்கால்" என்பான், நான் தொடுவேன். பத்தில் நான்கு தப்பு. முன்பு மூன்றுதான். காரணம் தெரிந்த பிறகு ஒன்று கூடிவிட்டது! "அம்மா, நீ யோசிக்காதே, யோசிச்சாதான் தப்பாகுது" என்கிறான். யோசிக்காமல் தொட்டால் ஐந்து தப்பு.

நூல் கட்டக் கூடாது. செய்முறைக்குப் போகும்போது முழங்கைக்குக் கீழே வளையல், கடிகாரம், மோதிரம், நூல் எதுவும் இருக்கக் கூடாது. கட்டினாலும் அது என் கையைத்தான் காட்டும். எதிரில் இருப்பவர் கையை எது காட்டும்?

போவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. வார்டு வேலைக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

சுண்டு


ஆகஸ்ட் 11

அன்புள்ள சுண்டு,

போ என்று சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். இரண்டையும் சொல்லும் தகுதியை மூன்று வருடத்துக்கு முன் கெடுத்துக்கொண்டேன்.

ஆனால் என் பங்குக்கு ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். அன்று இருந்தவர்களில் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தேன். "என்ன டீச்சர், பரேடா?" என்றார் மாமா. நோட்டை விரித்துப் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்து நின்று நடந்ததை நடித்தும் காட்டினேன். இடது கை தோள் உயரம்கூடப் போகவில்லை. "வலது இடது தெரியாமல் கற்றுக்கொடுத்தது நான். சிரிப்பதாக இருந்தால் இப்போது என்னைப் பார்த்துச் சிரியுங்கள்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தை மட்டும், "அப்ப உனக்குப் பாடம் எடுத்த டீச்சர் யாரு?" என்று கேட்டார். அதற்குச் சிரித்தார்கள். நானும்தான்.

நோட்டுப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்கா,

நீ ஒரு நோட்டிலிருந்து பக்கம் கிழித்தாய் என்பதை என் மகன் நம்பவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் விண்ணப்பத்தை மடித்து டிராயரில் போட்டேன்.

நேற்றுப் போனேன். அதே அறை, அதே கட்டில். நம்ப மாட்டாய், அதே வாட்ச்மேன், இந்த முறை தோள் பிடிப்போடு. என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சீட்டில் "இடது தோள், அசைவு அளவு" என்று இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். உள்ளே அந்த இரண்டு கணக்கும் மோத ஆரம்பித்துவிட்டன. இந்தப் பக்கம், இல்லை அந்தப் பக்கம். உன் கடிதத்தில் இருந்த அந்தச் சுவர் நினைவுக்கு வந்தது. நான் உன் பக்கத்தில் நின்றதால்தானே கெட்டது? அப்போது நாம் இருவரும் ஒரே திசையைத்தானே பார்த்தோம்? அங்கே திருப்பிப் போட எதுவுமே இல்லையே!

அவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். சுற்றிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"என்னம்மா, நோயாளி இங்க இருக்கார், நீங்க பின்னால போய் ஒளியறீங்க?" என்றார் கோணமானி சார்.

"ஒளியல சார். இங்கேருந்து பாத்தா அவரோட இடது எனக்கும் இடது."

பேனா பிடிக்கும் கையை நினைத்துக்கொண்டேன். மற்றக் கைப் பக்கம் இருந்த தோளில் உள்ளங்கையை வைத்தேன். வாட்ச்மேன் திரும்பாமலே தலையை ஆட்டினார். சார் அவரை முறைத்தார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க, கழுத்து வலி" என்றார் அவர்.

அளக்க ஆரம்பிக்கும் முன் சார் தடுத்தார். "எந்தத் தோள முதல்ல அளக்கணும்?" நான் குழம்பிவிட்டேன். இடதைத்தானே கேட்டிருக்கிறார்கள்? அப்போதுதான் உன் பென்சில் கோடுகள் நினைவுக்கு வந்தன. "நல்ல தோள சார். அது எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரிஞ்சாதான் இது எங்க போய்ச் சேரணும்னு தெரியும்." சார் அதை எழுதிக்கொண்டார். முடிவு வெள்ளிக்கிழமை. ஜெயிப்பேனா என்று தெரியவில்லை. அடுத்த நோயாளியிடமும் பின்னால்தான் போய் நிற்பேன், அது மட்டும் தெரிகிறது.

அதனால் அக்கா, சுவரில் இருக்கும் கோடுகளை அழிக்காதே. நீ ஒரு மாதம் வீணாக்கவில்லை. ஆறடி ஓர் அங்குலம் என்பது நீ போய்ச் சேர வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், உன் பின்னால் நின்று பார்க்கிறேன். அதற்குள் ஒன்று மட்டும் செய். வலது, இடது என்ற வார்த்தையே நமக்குள் வேண்டாம்.

கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நில், கடிகாரம் கட்டும் கையின் விரல்களைச் சுவரில் வைத்து மெதுவாக ஏற்று, வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி ஒரு கோடு போடு.

சுண்டு